வாசித்தது யாருக்கு?

ஞாயிறு திருப்பலியில் வாசகம் முடிந்ததும் நாம் எல்லாரும் ஒரே குரலில் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன சொற்கள் அவை. எதற்காக நன்றி கூறினீர்கள் என்று ஆலய வாசலில் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல இயலும்? முதல் வாசகம் எந்த நூலிலிருந்து என்பதே பலருக்கு மறந்திருக்கும். குறை கூறும் நோக்கத்தோடு இதை எழுதவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் பங்கில் வாசகனாக இருந்து வருகிறேன். கேட்டவர்கள் மறந்ததைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? வாசித்தவனே கேளாமல் போன கதையைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

தமிழில் 'கேள்' என்னும் சொல் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. ஒலி செவியில் விழுவதும் கேட்டல். ஐயத்தை வினவுவதும் கேட்டல். சொன்னபடி நடப்பதும் கேட்டல். 'என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்' என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றி முறையிட்டால், பிள்ளைக்குக் காது மந்தம் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. பழந்தமிழில் 'கேள்' என்பது உறவையும் நட்பையும் குறிக்கும் பெயர்ச்சொல்லும் ஆகும். கேளிர் என்றால் சுற்றத்தார். இஸ்ரயேல் மக்களின் நம்பிக்கை அறிக்கை (இச 6:4) 'கேள்' என்ற ஏவலோடுதான் தொடங்குகிறது. அந்த எபிரேயச் சொல்லுக்கும் செவிகொடு, கீழ்ப்படி என்னும் இரு பொருள்கள் உண்டு. இலத்தீன் மொழியில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லே கேட்டல் என்ற வேரிலிருந்து பிறந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் முதற்சொல்லும் இதுவே. வள்ளுவரோ கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்து, அதை அறிவுடைமைக்கு முன்னே வைத்திருக்கிறார். இத்தனை மொழிகளும் இத்தனை சான்றோரும் ஒன்றாகக் கட்டிவைத்த இரண்டை, அதாவது செவியையும் செயலையும், நாம் எப்படியோ பிரித்தெடுத்துத் தனித்தனியே வைக்கக் கற்றுக்கொண்டோம்.

வாய்ப்பு இல்லாமையால் இது நேரவில்லை. நம் பாட்டனார் காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. ஞாயிறு வாசகங்கள் ஆண்டுதோறும் அவையே திரும்பி வந்தன. பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் ஏறத்தாழ இடம்பெறவே இல்லை. உபதேசியாரின் வாய்மொழியாகவும், தவக்காலத்துப் பாஸ்கா நாடகம் வழியாகவுமே பெரும்பாலான மக்களுக்கு மறைநிகழ்ச்சிகள் தெரிந்திருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், விவிலியக் கருவூலத்தை இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடுமாறு பணித்தது. 1965 நவம்பர் 18-ஆம் நாள் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, கேட்டலைச் சொல்லித்தான் தன் முதல் வரியையே தொடங்குகிறது: திருச்சபை முதலில் கேட்கிறது, பின்னரே அறிவிக்கிறது. 1969-இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியும் வார நாள்களுக்கு ஈராண்டுச் சுழற்சியும் அமைந்தன. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் நம் கைகளுக்குக் கிடைத்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாகக் கொண்டாடும்படி ஏற்படுத்தினார். இன்றோ விடியுமுன்னே அன்றைய வாசகம் கைப்பேசியில் வந்து விழுகிறது. கேட்க வழியில்லை என்ற சாக்கு நம் தலைமுறைக்கு இல்லை.

ஆண்டவர் சொன்ன வீடு கட்டினோர் உவமையை (மத் 7:24-27) மீண்டும் எடுத்துப் பாருங்கள். பாறைமீது கட்டியவனும் கேட்டான். மணல்மீது கட்டியவனும் கேட்டான். கேளாதவன் அந்தக் கதைக்குள் வரவே இல்லை. இரண்டு வீடுகளும் மழை வரும்வரை ஒன்றுபோலவே நின்றிருக்க வேண்டும். மணல்மேல் நின்ற வீட்டுக்கும் நல்ல வாசல், நல்ல திண்ணை இருந்திருக்கும். வாசல் நிலையில் சிலுவைகூட மாட்டியிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

எசேக்கியேல் நூலில் (33:30-32) இதைவிடக் கசப்பான ஒரு பகுதி உண்டு. மக்கள் வீட்டு வாசல்களில் நின்று இறைவாக்கினரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வாருங்கள், ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வருவோம் என ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு அவர் முன் வந்து அமர்கிறார்கள். ஆர்வத்துடன் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அவர் இனிய குரலில் காதற்பாட்டுப் பாடும் தேர்ந்த இசைஞர் போன்றவர்தாம் என்று ஆண்டவரே எசேக்கியேலிடம் கூறுகிறார். கேட்டு மகிழ்வார்கள், செய்யமாட்டார்கள். கேளாமையைவிட இரசித்துக் கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தப் பகுதியைப் போல உரைப்பது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. நல்ல மறையுரை, நல்ல வாசிப்பு, நல்ல பாடல் என்று பாராட்டிக்கொண்டே வீடு திரும்பும் நம் ஞாயிறுகளை எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பாராட்டைப் பெற்றவர்களுள் நானும் ஒருவன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் வீட்டின் பின்புறச் சுற்றுச்சுவரை உயர்த்திக் கட்டினோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள். செப்டம்பர் 8-ஆம் நாள் மாதாவின் பிறந்த நாள் விழாவுக்கு உறவினர் வருவார்கள்; அதற்குள் பூச்சு வேலையும் முடிய வேண்டும் என்று விரைவுபடுத்தினேன். 7-ஆம் நாள் சனிக்கிழமை முடிந்தது. சனிக்கிழமை மாலை கூலி கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கொத்தனார் கையில் கொடுத்தால் அவர் சித்தாளுக்குப் பிரித்துக் கொடுப்பார். கடைசி மூன்று நாள் கூலியை மட்டும், சில்லறை இல்லை என்று சொல்லித் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தேன். திங்கட்கிழமை பார்த்தபோது பூச்சில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. எனக்குச் சினம் வந்தது. வெடிப்பைச் சரிசெய்துவிட்டு வந்து மீதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விடுங்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னதும், விழா அமளியில் அதை நான் கேளாமல் விட்டதும், எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அல்லது வந்தும் அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. கொத்தனாருக்கு வேறு வேலை இருந்தது, வேறு இடத்தில் முன்பணம் இருந்தது; அவர் தாங்கிக்கொண்டார். கலவை சுமந்த அந்தப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 650 ரூபாய். மூன்று நாளுக்கு 1,950 ரூபாய்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு 29-ஆம் நாள். பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு. வாசக ஒழுங்கின்படி இரண்டாம் ஆண்டில், 22-ஆம் ஞாயிறு முதல் 26-ஆம் ஞாயிறு வரை இரண்டாம் வாசகம் யாக்கோபின் திருமுகத்திலிருந்து வரும். 26-ஆம் ஞாயிற்றுக்குரியது அதன் ஐந்தாம் அதிகாரத் தொடக்கம் (யாக் 5:1-6): செல்வரைப் பார்த்து அழச் சொல்லும் பகுதி, அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று கூறும் பகுதி. பட்டியலில் அன்று என் பெயர் இருந்தது.

சனிக்கிழமை இரவு மூன்று முறை வாசித்துப் பழகினேன். அது என் வழக்கம். கூலி பற்றிய வாக்கியத்தில் எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதை எல்லாம் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டேன். மறுநாள் ஆலயத்தில் அந்த வாக்கியம் வந்ததும் நிறுத்தினேன். தலையை நிமிர்த்தி மக்களைப் பார்த்தேன். வாசகர் பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பெண்கள் பக்கம், மூன்றாவது தூணை ஒட்டித் தரையில் அந்தச் சித்தாள் தன் இரு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பங்கைச் சேர்ந்தவள்தான். என் பார்வை அவள்மீது பட்டு, அப்படியே அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்: நெஞ்சில் முள் குத்தியது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும், குத்தவில்லை. திருப்பலி முடிந்ததும் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து, இன்று வாசகம் நெஞ்சை உலுக்கிவிட்டது என்றார். நானும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் மாலை காப்பி கொடுக்க வந்த என் மனைவி, டம்ளரைக் கையில் தராமல் நின்றுகொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்தப் பிள்ளைக்குக் கூலி கொடுத்தாச்சா?"

"பூச்சு வெடிச்சிருக்கே, அதைச் சரி பண்ணாம எப்படி?"

"பூசினது கொத்தனாரு. அவ தண்ணியும் கலவையும் தூக்கினவ." சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நேத்து கோயில்ல வாசிச்சீங்களே, அது யாருக்குங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான விடை என்னிடம் இல்லை. அதைச் சுற்றித்தான் என் சிந்தனை ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலையே பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கொத்தனார் வீட்டுக்கு, பிறகு அவள் வீட்டுக்கு. அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பதறி எழுந்து, "சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே ஐயா" என்றாள். பணத்தை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் வந்து கேட்கவில்லை என்றேன். "கொத்தனாரு வாங்கித் தருவாருன்னு இருந்துட்டேன்." எனக்கு ஏனோ அடக்க முடியவில்லை. நேற்று நான் வாசித்தது உன் காதில் விழுந்ததா என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டுச்சுங்க ஐயா. நீங்க எப்பவும் நல்லா நிறுத்தித்தான் வாசிப்பீங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அப்படிப் பேசத் தெரியாது. அவள் சொன்ன பாராட்டும் நண்பர் சொன்ன பாராட்டும் ஒன்றுதான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு அந்தக் குடிசை வாசலில் என்னால் நிற்க முடியவில்லை.

கூலிக்காரனின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் (24:14-15) கட்டளையிடுகிறது. அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே உயிரை வைத்திருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. விடியும்வரை கூலியை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியர் நூல் (19:13). திருச்சட்டம் இங்கே ஒரு நல்லுணர்வைப் போதிக்கவில்லை. கடிகாரம் பார்த்து மணி குறிக்கிறது. 7-ஆம் நாள் முதல் 29-ஆம் நாள் வரை என் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் கதிரவன் 23 முறை மறைந்திருந்தான்.

எனக்கு என்ன நேர்ந்தது? அறியாமை என்று சொல்ல முடியாது. அந்த வாசகத்தின் பொருள் எனக்குத் தெரியும். அன்பியக் கூட்டங்களில் யாக்கோபின் திருமுகத்தை விளக்கிப் பேசியவன் நான். முதல் நூற்றாண்டின் பெருநிலக்கிழார்கள், அன்றாடங்காய்ச்சிகளான கூலியாள்கள், எரேமியா (22:13) கூலியில்லாமல் மாளிகை கட்டிய அரசனைக் கடிந்துகொண்டது ஆகிய அனைத்தையும் எடுத்துச் சொல்வேன். இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அந்த அறிவே எனக்கு ஒரு வேலியாக இருந்திருக்கிறது. இது பாலஸ்தீன நிலக்கிழாருக்கு எழுதிய கடிதம். நான் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியன். ஆகவே இது என் விலாசத்துக்கு வந்தது அன்று என்று அது எனக்குச் சத்தமில்லாமல் சொல்லித் தந்திருக்கிறது.

தாவீதின் கதையில் (2 சாமு 12:1-7) இந்நிலை அப்படியே இருக்கிறது. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் சாகவிட்ட அரசனிடம் நாத்தான் வந்து ஒரு கதை சொல்கிறார். செல்வன் ஒருவன் தன் மந்தையை விட்டுவிட்டு, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த கதை. தாவீது எவ்வளவு நன்றாகக் கேட்கிறார் என்று பாருங்கள்! கதையின் அநீதி அவருக்கு உடனே புரிகிறது. சினம் பொங்குகிறது. தண்டனையும் அறிவிக்கிறார்; ஆட்டுக்குட்டிக்கு நான்கு மடங்கு ஈடு தரவேண்டும் என்று சட்டத்தையும் தவறின்றிச் சொல்கிறார். அவருடைய அறவுணர்வில் எந்தக் குறையும் இல்லை. சட்ட அறிவிலும் குறை இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: அந்தச் செல்வன் வேறு எவனோ என்று நினைத்துக் கேட்டார். அந்த மனிதன் தாமே என்று நாத்தான் சொன்ன நொடியில் புதிய செய்தி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. முன்பே கேட்ட அதே கதைதான். ஆனால் அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

ஒரு கூற்றின் பொருளைப் புரிந்துகொள்வது வேறு, அக்கூற்றால் விளிக்கப்படுவது வேறு. சந்தையில் யாரோ யாரையோ 'ஐயா' என்று அழைத்தால் சொல் புரிகிறது. நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பெயரைச் சொல்லி அழைத்தால் மெல்ல அழைத்தாலும் திரும்புகிறோம். டென்மார்க்கு நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் தன்னாய்வு பற்றி 1851-இல் வெளியிட்ட நூலில், யாக்கோபு கூறும் கண்ணாடி உவமையையும் (யாக் 1:22-25) இந்த நாத்தான் நிகழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு இதையே வலியுறுத்துகிறார். தெரியாத மொழியில் காதற்கடிதம் வந்தால், அகராதியை வைத்துக்கொண்டு பொருள் தேடுவதைக் கடிதம் படிப்பதாகக் காதலன் எண்ணமாட்டான் என்பது அவர் சொல்லும் எடுத்துக்காட்டு. அகராதி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அகராதியை மூடிய பிறகுதான் கடிதம் தொடங்குகிறது என்கிறார்.

இங்கே ஒரு தடை எழலாம்; அதை ஒதுக்கிவிடக் கூடாது. மறைநூலின் ஒவ்வொரு வரியும் நேரே எனக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும்? விவிலியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தைக் கொண்டு திருமணம் பேசியவர்களை நான் அறிவேன். எழுத்தின் வகையையும் எழுதப்பட்ட சூழலையும் ஆய்ந்துதான் ஆசிரியரின் கருத்தைக் காண வேண்டும் என்று சங்கமே கற்பிக்கிறது. ஆகவே ஆராய்ச்சி வேண்டும். மறைநூல் அறிஞர்களின் உழைப்புக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை மிக எளியது. ஒரு பகுதியை நன்றாக ஆராய்ந்து விளக்கி முடித்த பிறகு, நான் செய்வதற்கு ஒன்றுமே மீதியில்லை என்று தெரிந்தால், என் ஆராய்ச்சியில் எங்கோ தன்னலம் புகுந்துவிட்டது என்று சந்தேகப்படுகிறேன். பெரும்பாலும் சந்தேகம் சரியாகவே இருக்கிறது.

எகிப்து நாட்டு வனத்து அந்தோணியாரின் கதை நமக்குத் தெரியும். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே புனித அத்தனாசியார் அதை எழுதிவைத்தார். பெற்றோரை இழந்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர், பதினெட்டு இருபது வயதிருக்கும், கோவிலுக்குள் நுழையும்போது நற்செய்தி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு ஆண்டவர் செல்வ இளைஞனிடம் சொன்ன பகுதி (மத் 19:21). அந்தோணியார் வெளியே வந்து தம் முந்நூறு அரூரா நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். மற்றவற்றை விற்று ஏழைகளுக்கு அளித்தார். தங்கைக்கென்று சிறிது எடுத்துவைத்தார். பின்னொரு நாள் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் பகுதி காதில் விழ, எஞ்சியதையும் கொடுத்தார். அன்று அந்தக் கோவிலில் அவர் ஒருவர் மட்டுமா இருந்தார்? வாசித்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. எனக்கு அவரை நினைத்தால் ஒருவகை உறவு தோன்றுகிறது.

நூற்றாண்டு கடந்து, 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் கண்ணீரோடு கிடந்த அகுஸ்தினுக்கு இந்த அந்தோணியார்தாம் நினைவுக்கு வந்தார்: தற்செயலாக வாசிக்கப்பட்டதைத் தமக்கே சொல்லப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டாரே என்று. பிறகுதான் அகுஸ்தின் பவுலின் திருமுகத்தைத் திறந்தார்.

இவ்விருவரும் மலையுச்சிகள். எனக்கு அதிகம் பிடித்தவர் பம்போ என்னும் பாலைவனத் துறவி. எழுத்தறியாதவர். ஒரு திருப்பாடலைக் கற்றுக்கொள்ள ஒருவரிடம் போனார். நாவினால் பாவம் செய்யாதபடி என் வழிகளைக் காத்துக்கொள்வேன் என்னும் கருத்துடைய முதல் வரியைக் (திபா 39:1) கேட்டதும், இது போதும், இதைச் செயலில் கற்றுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஆறு மாதம் கழித்து, ஏன் திரும்பி வரவில்லை என்று கற்பித்தவர் கேட்டபோது, அந்த வரியை இன்னும் செயலில் கற்று முடிக்கவில்லை என்றார். பல்லாண்டுகளுக்குப் பின் வேறொருவர் கேட்டபோது, பத்தொன்பது ஆண்டுகளில் ஏதோ ஓரளவு கைவந்திருக்கிறது என்றாராம். சாக்ரட்டீஸ் என்னும் ஐந்தாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார். மூன்றாண்டுச் சுழற்சியில் நற்செய்தியின் பெரும்பகுதியைக் கேட்டு முடிக்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவருக்கு ஒரு வரி. நமக்கு ஒரு நூலின் பெரும்பகுதி. எது அதிகம் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

நம்மிடையே இப்போது பரவியிருக்கும் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் ஒரு தட்டில் சிறு அட்டைகள் வைக்கப்படுகின்றன. ஆளுக்கொன்று எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த ஆண்டின் வாக்குத்தத்தமாகப் பணப்பையில் வைத்துக்கொள்கிறோம். பக்தியுள்ள பழக்கம்தான், துயரத்தில் இருக்கும் பலருக்கு அது ஊன்றுகோலாக இருப்பதையும் கண்டிருக்கிறேன். என் பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த அட்டைகளில் யாக்கோபின் ஐந்தாம் அதிகாரம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. உன்னைக் கைவிடேன் என்னும் வாக்குறுதி மட்டுமே வருகிறது. வாக்குறுதி என் விலாசத்துக்கு வந்ததாக எளிதில் நம்புகிற நான், கண்டனம் மட்டும் முதல் நூற்றாண்டு நிலக்கிழாருக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

தனிமனிதர் அளவில் மட்டும் இது நிற்பதில்லை. அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், தொழுகைக் கூடத்தில் பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிறது. அதை நாம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாசித்துக்கொண்டே, சாதிக்கொரு தெருவும், சில ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும் வைத்திருக்கிறோம். ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்கியவர்கள் மண்ணுக்குள் போகும்போது பிரிந்து போகிறார்கள். வாசகம் எல்லாச் செவிகளிலும் விழுந்தது. எல்லாரும் நன்றியும் சொன்னோம்.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் தம் மறையுரை ஒன்றில் மக்களிடம் கேட்டார்: ஆண்டவரின் உடலைப் பெறும்போது ஒரு துகளும் கீழே விழாதபடி எவ்வளவு அச்சத்துடன் காக்கிறீர்கள், அவருடைய வார்த்தையை அலட்சியமாகத் தவறவிடுவது அதைவிடச் சிறிய குற்றம் என்று எப்படி எண்ணுகிறீர்கள் என்று. நற்கருணை கீழே விழுந்தால் பதறிப்போகும் மக்கள் நாம். அன்று என் கையிலிருந்து தரையில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது தூணருகில்தான் விழுந்தது.

சில வாரங்களுக்குப் பின் அந்தப் பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் வாசித்தும் என் கண்ணில் படாத ஒன்று பட்டது. அந்த வசனத்தில் (யாக் 5:4) கேட்பவர் யார்? நாம் அல்லர். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது. அறுவடை செய்தோரின் குரல் படைகளின் ஆண்டவருடைய செவிகளை எட்டிவிட்டது. மண்ணிலிருந்து கதறிய ஆபேலின் இரத்தத்தைக் கேட்டவர், எகிப்தில் அடிமைகளின் அழுகுரலைக் கேட்டவர், இங்கேயும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இணைச்சட்டத்தின் அந்தக் கூலிச் சட்டமும் கூலியாள் ஆண்டவரை நோக்கி முறையிடுவான் என்ற எச்சரிப்போடுதான் முடிகிறது. இறைவன் பேசுகிறார், நாம் கேட்கிறோம் என்றே நான் எப்போதும் எண்ணியிருந்தேன். அதற்கு முன்பே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும், தாம் கேட்டதையே நம்மிடம் சொல்கிறார் என்பதும் எனக்குத் தோன்றியதில்லை. நான் இறைவார்த்தை என்று வாசித்துக்கொண்டிருந்தது, ஒருவகையில், அந்தப் பெண்ணின் குரல். அவள் என்னிடம் கேட்கவில்லை, கொத்தனாரிடமும் கேட்கவில்லை. யாரிடம் கேட்டாள் என்பது அங்கே எழுதியிருந்தது. நான்தான் அதை நிறுத்தி நிதானமாக, குரலைத் தாழ்த்தி, ஒலிபெருக்கியில் வாசித்தேன்.

'அது யாருக்குங்க?' என்று என் மனைவி கேட்டாளே, அதற்கு இதில் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இளஞ்சிறுவன் சாமுவேலின் கதையை (1 சாமு 3) மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இரவில் அழைப்பைக் கேட்டு, ஆண்டவரே பேசும், அடியேன் கேட்கிறேன் என்று அவன் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். படம் வரையவும் அதுவே வசதி. ஆனால் அதன்பின் அவன் கேட்டது என்ன? தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் தண்டனை. விடியும்வரை படுத்துக்கிடந்தான், ஏலியிடம் அதைச் சொல்ல அஞ்சினான். ஏலிதான் அவனை வற்புறுத்திச் சொல்ல வைத்தார். கேட்பேன் என்று சொல்வது எளிது. கேட்ட பிறகு விடியும் அந்தக் காலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

நான் வாசகர் பணியை விட்டுவிடலாமா என்று எண்ணியது உண்டு. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, தகுதியுள்ளவர்தான் வாசிக்க வேண்டும் என்றால் நான் நாளை முதல் பலிபீடம் ஏறக்கூடாது என்று சொல்லிச் சிரித்தார். பட்டியலில் என் பெயர் தொடர்கிறது.

பின்சுவரில் அந்த வெடிப்புகள் இன்னும் இருக்கின்றன. கொத்தனார் தாமாகவே வந்து பூசித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். யாக்கோபின் அதே பகுதி 2027-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று மீண்டும் வரும். அன்று வாசிக்கும் முறை எனக்கு வருமா, வேறொருவருக்கா, தெரியாது. எனக்கு வந்தால், சனிக்கிழமை இரவு வாசக நூலைத் திறந்து பென்சிலை எடுப்பதற்கு முன், வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து யாருக்கு என்ன பாக்கி என்று பார்க்க வேண்டியிருக்கும்.